எந்தக் கணினியிலும் ஓடும்

பணி நாள் 211, 08:00. காலைப் பதிவு

நிலையம் சீர். உள் வெப்பம் பதினெட்டு. வெளியே சொல்லிப் பயனில்லை.

நிலையத்தைப் பற்றி எதுவும் அறியாத ஒருவர் கையில் கிடைத்தாலும் புரியும்படி இந்தப் பதிவை எழுத வேண்டும் என்பது விதி. அறிந்தவர்களும் இதுவரை படித்ததாகத் தெரியவில்லை. ஆகவே மறுபடியும்: இது யூரோப்பா, வியாழனின் நிலவுகளில் ஒன்று. மேலே பனி ஓடு, அதற்கு அடியில் கடல். கூட்டமைப்பு இங்கே இரண்டு பேரை வைத்திருக்கிறது. மூன்று பேருக்குப் பணம் ஒதுக்கப்படவில்லை. ஒருவர் போதும் என்றதற்கு மனநலப் பிரிவு ஒப்பவில்லை. நான் ஆவுடையம்மாள், நிலையப் பொறியாளர், ஊர் அம்பாசமுத்திரம். மற்றவர் நிலத்தியலாளர் சம்மனசு, ஊர் தூத்துக்குடி. என்னைவிட மூத்தவர், அண்ணன் என்று கூப்பிடுகிறேன்.

அண்ணன் நேற்றிலிருந்து ஆறு கிலோமீட்டர் கீழே இருக்கிறார். பனியில் துளைத்த குழிக்குள் ஒரு கேபிள் இறங்குகிறது. அதன் முனையில் கலம். ஒருவர் உட்காரலாம், முழங்காலை மடக்கினால் படுக்கலாம். கேபிள் சூடாக இருப்பதால் குழியில் உள்ள நீர் உறைவதில்லை. மேலே கேபிளைச் சுற்றி இழுக்கும் பெரிய கப்பி. கீழேயிருந்து மேலே வர ஆறு மணி நேரம். கலத்தில் காற்று நாளை மறுநாள் பகல் வரை. நாளை மாலை ஏற்றுவதாகத் திட்டம்.

கேபிள் தொலைபேசி, காலை அழைப்பு:

"ஏட்டி ஆவுட, கடல்லருந்து பேசுதேன். மீனு ஒண்ணும் படல. ரெண்டு குப்பி சேறு கெடைச்சிருக்கு. கொழம்பு வைக்க ஆவாது."

வேறு குறிப்பு இல்லை.

பணி நாள் 211, 14:10

முதன்மைக் கணினி எரிந்துவிட்டது. குளிரூட்டும் குழாயின் இணைப்பு விட்டு, திரவம் உள்ளே இறங்கியிருக்கிறது. தீயணைப்பு அமைப்பு குறையில்லாமல் வேலை செய்தது: தீயை அணைத்தது, பிறகு தீப்பிடிக்காத பகுதியையும் நனைத்தது.

கப்பியை இயக்கும் செயலி அந்தக் கணினியில்தான் இருந்தது. செயலியின் பெயரும் 'கப்பி'தான். செயலி நின்றதும் கப்பி தானாகவே பிரேக் பிடித்துக்கொண்டது. கலம் விழாது. ஏறவும் செய்யாது.

கையால் சுற்றி ஏற்ற முன்பு ஒரு கைப்பிடி இருந்தது. பயிற்சியின்போது யாரோ அதைத் தவறான பக்கம் சுற்றியதால், மனிதத் தவறைத் தவிர்க்கும் பொருட்டு அகற்றப்பட்டது. அது இருந்த ஓட்டையில் ஒரு தகடு. தகட்டில்: 'செயலியைப் பயன்படுத்தவும்.'

நிலையத்தில் வேறு இரண்டு கணினிகள் உண்டு. கூட்டமைப்பில் மூன்று பங்காளிகள். ஒவ்வொருவரும் தங்கள் நாட்டுக் கணினி ஒன்றாவது இருக்க வேண்டும் என்றார்கள். ஒன்றுக்காகச் செய்த செயலி மற்றதில் ஓடாது. இதற்கு ஒத்துழைப்பு என்று பெயர். மூன்றாவது கணினி பூமியோடு பேசுகிறது, அதைத் தொட முடியாது. இரண்டாவது இதுநாள்வரை சாப்பாட்டு அறையில் தேதி காட்டிக்கொண்டிருந்தது. அதைக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன்.

செயலியின் மூல நிரல் முழுவதும் சேமிப்பில் பத்திரமாக இருக்கிறது. கையேட்டின் முதல் வரி: 'கப்பி எந்தக் கணினியிலும் ஓடும்.'

கேபிள் தொலைபேசிக்குக் கணினி தேவையில்லை. அதை யாரும் மேம்படுத்தவில்லை, ஆகவே வேலை செய்கிறது.

நான்: "அண்ணே, இங்க கம்ப்யூட்டர் ஒண்ணு போயிட்டு. கப்பி நிக்குது. வேற மெஷின்ல ஏத்தப் போறேன். பதறாதிய."

அவர்: "நான் என்னத்தப் பதற? சும்மா தொங்கிட்டுல்லா இருக்கேன். நீதான் பதறுத."

பணி நாள் 211, 16:30

இந்தப் பதிவைக் கண்டெடுப்பவருக்காக: மூல நிரல் என்பது மனிதர் படிக்கும்படி எழுதிய கட்டளைகள். அதை ஒரு குறிப்பிட்ட கணினி ஓட்டும் உருவத்துக்கு மாற்றுவதைக் கம்பைல் என்கிறோம். ஒரே மூல நிரலை எந்த வகைக் கணினிக்கும் மாற்றிக்கொள்ளலாம். கையேட்டின் பெருமை அதுதான்.

கையேட்டில் மூன்று படிகள். ஒன்று: மூல நிரலை எடுங்கள். இரண்டு: இந்தக் கட்டளையைக் கொடுங்கள். மூன்று: மகிழுங்கள்.

இரண்டாம் படியில் இருக்கிறேன்.

கட்டளையைக் கொடுத்ததும் நின்றது. செயலியை எழுதியவர்கள் எல்லாவற்றையும் தாங்களே எழுதவில்லை. உலகெங்கும் பிறர் எழுதி வைத்த துணை நிரல்களை வாங்கிச் சேர்த்திருக்கிறார்கள். கம்பைல் செய்யும்போது அவை பூமியிலிருந்து தானாக இறங்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் முப்பது விநாடி காத்திருக்கும். வராவிட்டால் நின்றுவிடும். இங்கிருந்து பூமிக்கு ஒளி போகவே முக்கால் மணி நேரம். ஒளியின் வேகம் எழுதியவர்களின் கவனத்துக்கு வரவில்லை.

செயலி இல்லாமல் நானே கப்பிக்கு நேராகக் கட்டளை அனுப்பலாமே என்று யோசித்தேன். கப்பிக்கு என்ன மொழி புரியும் என்ற ஆவணத்தைத் தேடினேன். ஒரே வரி இருக்கிறது: 'மூல நிரலைப் பார்க்கவும்.'

பூமிக்கு விவரம் அனுப்பியிருக்கிறேன்.

பணி நாள் 211, 21:40

பூமியிலிருந்து முதல் பதில்:

"உங்கள் கோரிக்கை எங்களுக்கு முக்கியமானது. மூன்று வேலை நாட்களுக்குள் எங்கள் பிரதிநிதி உங்களைத் தொடர்புகொள்வார். இடையில், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளைப் பாருங்கள்."

பார்த்தேன். அதிகமாகக் கேட்கப்படுவது, திரையின் நிறத்தை எப்படி மாற்றுவது என்பது.

கூட்டமைப்பின் தலைமைக்கும் அவசரச் செய்தி அனுப்பினேன். அவர்கள் அதை உரிய பிரிவுக்கு அனுப்பினார்கள். உரிய பிரிவு அதே சப்போர்ட் மையம். அங்கிருந்து ஒரு மனிதக் குரல் வந்தது:

"வணக்கங்க மேடம். கார்வேந்தன் பேசறனுங்க, கோயமுத்தூர் சப்போர்ட்ல இருந்து. நீங்க அனுப்புன எரர் எல்லாம் பாத்தனுங்க. இங்க எங்க மெஷின்ல நல்லா ஓடுதுங்க. ஒருக்கா ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாக்கறீங்களா?"

அணைத்துப் போட்டேன். பிறகு, கீழே ஒருவர் தொங்குகிறார் என்று ஒரு வரி எழுதி அனுப்பினேன். ஒன்றரை மணி நேரம் கழித்து:

"ஐயோ மேடம், ஆளு உள்ள இருக்காருன்னு கம்ப்ளெய்ன்ட் டிக்கெட்ல இல்லீங்களே! பயனருக்குச் சிரமம்ங்கற எடத்துல 'நடுத்தரம்'னு போட்டு வந்திருக்குதுங்க. நான் வீட்டுக்குப் போகலீங்க. இங்கயே உக்காந்துக்கறன். தொணை நிரல் எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டி அனுப்பியுடறனுங்க."

இவருக்கு வயது அதிகம் இருக்காது என்று தோன்றுகிறது. நல்ல பிள்ளை.

பணி நாள் 212, 09:20

மூட்டை வந்தது. அவருடைய கணினிக்கு உரியதைக் கட்டி அனுப்பியிருந்தார். திருப்பிக் கேட்டு வாங்கியதில் நான்கு மணி நேரம் போயிற்று.

இப்போது பெரும்பகுதி கம்பைல் ஆகிறது. நிற்பது ஒரே ஒரு துணை நிரலில். அது என்ன செய்கிறது என்று படித்துப் பார்த்தேன். திரையில் உள்ள பொத்தான்களின் மூலைகளை வளைவாக்குகிறது.

அது இல்லாமல் பொத்தான்கள் வராது. பொத்தான்கள் இல்லாமல் செயலியின் திரைச் சன்னல் வராது. சன்னல் இல்லாமல் செயலி தொடங்காது. கப்பியைச் சுற்றும் பகுதி எதற்கும் காத்திராமல் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அது வளைந்த மூலைகளின் மேல் கட்டப்பட்டிருக்கிறது.

எழுதியவர் அதை இணையத்திலிருந்து எடுத்துவிட்டாராம். யாரோ அவரைத் திட்டியதால் கோபம் என்று கார்வேந்தன் விசாரித்துச் சொல்கிறார். நியாயமான கோபமாகவும் இருக்கலாம்.

அண்ணனிடம் நிலைமையைச் சொன்னேன்.

அவர்: "மூல மழுங்கலன்னா பட்டன் என்னயக் குத்திரும்னு பயப்படுதானுவளா?"

நான்: "பாக்க லெச்சணமா இருக்கணும்லா அண்ணே."

அவர்: "நான் இங்க குளுருல பல்லு தந்தி அடிச்சிட்டுக் கெடக்கேன். லெச்சணம் பாக்கானுவ. ஏட்டி, நெசமாச் சொல்லு. ஏத்திருவியா?"

நான்: "ஏத்திருவேன்."

அவர்: "செரி. அப்ப நான் சேத்த எண்ணிக்கிட்டு இருக்கேன்."

கலத்தின் வெப்பத்தைக் குறைத்து வைக்கச் சொன்னேன். குறைத்தாயிற்றாம்.

மூலைகளைக் கூராகவே விட்டுவிடும்படி நானே ஒரு மாற்று எழுதிப் போடுகிறேன்.

பணி நாள் 212, 18:00

மூலை முடிந்தது. எழுத்துரு முடிந்தது. நிலையத்தில் தமிழ், ஆங்கிலம் போதும். செயலிக்கு நாற்பது மொழிகள் வேண்டியிருந்தன. அதையும் வெட்டினேன். கணினி கப்பியை இயக்கப் போகிறதா மாநாடு நடத்தப் போகிறதா தெரியவில்லை.

இப்போது உண்மையான சிக்கல். கப்பியைத் தொடும் பகுதி கம்பைல் ஆக மறுக்கிறது. அதற்கு எழுபதுக்கும் மேற்பட்ட செட்டிங்ஸ் தேவை: உருளையின் விட்டம், கேபிளின் எடை, பிரேக் எப்போது விட வேண்டும், எந்த இணைப்பு வழியாகக் கப்பியோடு பேச வேண்டும். இவையெல்லாம் எரிந்த கணினியில் இருந்தன. நகல் எடுக்கும் ஏற்பாடு உண்டு. அந்த நகலும் அதே கணினியில்தான் இருந்தது.

கையேடு சொல்கிறது: 'உங்கள் தேவைக்கேற்ப நிரப்பவும்.'

பன்னிரண்டை எனக்குத் தெரிந்த வரையில் நிரப்பினேன். மீதிக்குக் கோயம்புத்தூரைக் கேட்டிருக்கிறேன். தூங்கி ரொம்ப நேரமாகிறது. கண்ணை மூடினால் சிவப்பு எழுத்துகள் தெரிகின்றன.

அண்ணன் பேச்சு கொஞ்சம் இழுக்கிறது. குளிர் என்கிறார்.

பணி நாள் 213, 05:10

கம்பைல் முடிந்தது. பிழை எதுவுமில்லை.

எப்படி என்று எழுதிவிடுகிறேன். கார்வேந்தன்:

"மேடம், ரூம்ல யாருக்கும் அந்த எழுபதும் முழுசா தெரியலீங்க. செட்டிங்ஸ் ஃபைல எழுதுனவரு வேற கம்பெனிக்குப் போயிட்டாருங்க. அதனால ஒண்ணு பண்ணியிருக்கறன். எங்க மெஷின்ல ஓடுது பாருங்க, அந்த ஃபைல அப்படியே அனுப்பியிருக்கறன். எல்லாம் நெரம்பியே இருக்குது. அப்படியே தூக்கிப் போட்டுக்கங்க. இங்க நூறு தடவ ஓட்டியிருக்கறமுங்க, ஒருக்காக்கூட நின்னதில்லைங்க."

அப்படியே தூக்கிப் போட்டேன். நேரம் கருதி வரிவரியாகப் பார்க்கவில்லை. ஓடுகிறவரிடமிருந்து செட்டிங்ஸ் வாங்கிப் போடுவது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். போட்டதும் கப்பிப் பகுதியில் வந்த பிழைகள் அத்தனையும் போய்விட்டன. ஒன்றுகூட மிச்சமில்லை. கைதட்டினேன். இங்கே கேட்பதற்கு ஆளில்லாததால் இதில் எழுதி வைக்கிறேன்.

பணி நாள் 213, 06:20

செயலி திறந்தது. கூர்மூலைப் பொத்தான்கள், நன்றாகத்தான் இருக்கின்றன. 'ஏற்று' என்ற பொத்தானை அழுத்தினேன்.

'பாதுகாப்பு கருதி, உங்கள் பதிவுசெய்த கைபேசிக்கு ஓடிபி அனுப்பியுள்ளோம். பத்து நிமிடங்களுக்குள் உள்ளிடவும்.'

என் கைபேசி அம்பாசமுத்திரத்தில் அலமாரிக்குள் இருக்கிறது. பத்து நிமிடத்தில் ஒளிகூட இங்கிருந்து செவ்வாயை எட்டியிருக்காது.

யாரும் திருடிக்கொண்டு போய்விடக்கூடாது என்று பூட்டியிருக்கிறார்கள். சுற்றி எண்பது கோடி கிலோமீட்டருக்குத் திருடர்கள் இல்லை. மூல நிரலில் அந்த இடத்தைத் தேடி அணைத்தேன். அந்தச் சிறு பகுதியை மட்டும் மறுபடி கம்பைல் செய்ய இருபது நிமிடம்.

பணி நாள் 213, 06:50

ஏறுகிறது.

ஆழம் 6,000. 5,998. 5,995. பிரேக் விட்டது, இழுவை சீர், மின்சாரம் சீர். எல்லாம் பச்சை.

காற்றுக் கணக்கு: சும்மா விழித்திருந்தால் ஒரு மணி வரைகூடத் தாங்காது. ஏற்றம் முடிவதும் ஏறக்குறைய அப்போதுதான். தூங்கினால் மூன்று மணி வரை இழுக்கலாம். கலத்து மருந்துப் பெட்டியில் தூக்க மாத்திரை உண்டு.

நான்: "அண்ணே, கெளம்பியாச்சு. மாத்திரையப் போட்டுட்டுப் படுத்திருங்க. பேசாதிய. காத்து மிச்சமாவட்டும். மேல வந்ததும் நானே எழுப்புதேன்."

அவர்: "அசையுத மாரித் தெரியலயே புள்ள."

நான்: "மொதல்ல மெதுவாத்தான் ஏறும். எப்பமும் அப்படித்தான."

அவர்: "நீ சொன்னா செரிதான். ஏட்டி, மேல வந்ததும் ஒரு கட்டன் சாயா. சீனிய அள்ளிப் போடு, மருத்துவப் பிரிவுக்குச் சொல்லிராத."

தொலைபேசியை அவர் வைத்துவிட்டார்.

பணி நாள் 213, 09:45

ஆழம் 3,050. ஏறக்குறைய பாதி வந்தாயிற்று.

கப்பி இவ்வளவு சீராக ஏறி நான் பார்த்ததில்லை. பழைய கணினியில் எண்கள் துள்ளும்; கேபிள் பனிச்சுவரில் உரசும்போதெல்லாம் இழுவை ஏறி இறங்கும். இதில் ஒரே சீர். சாப்பாட்டு அறையில் தேதி காட்ட வைத்திருந்த கணினி இது. எரிந்ததைவிட உசத்தி என்று அறிக்கையில் எழுதலாம்.

கப்பிக் கூடம் நிலையத்திலிருந்து முந்நூறு மீட்டர் தள்ளி வெளியே இருக்கிறது. கதிர்வீச்சு காரணமாகத் தேவையின்றிப் போகக்கூடாது. அங்குள்ள காமிரா முதன்மைக் கணினியோடு போயிற்று. போக வேண்டியதும் இல்லை. பார்க்க வேண்டிய எல்லாம் ஒரே திரையில் வருகிறது. செயலியின் இரண்டாவது பெருமை அது.

கார்வேந்தனுக்கு நன்றி அனுப்பினேன். பதில் வந்தது:

"மேடம்! எல்லாரும் எந்திரிச்சுக் கை தட்டிட்டாங்க! கேன்டீன்ல அண்ணன் டீ ஃப்ரீன்னு சொல்லிட்டாருங்க. சாருக்கு எங்க வணக்கத்தச் சொல்லுங்க. கோயமுத்தூர் வந்தா வீட்டுக்கு வரச் சொல்லுங்க, அம்மா கோழி அடிச்சு வெப்பாங்க."

ஒரு மணி நேரம் தூங்கினேன். எழுந்ததும் ஆழம் பார்த்தேன். சீர்.

பணி நாள் 213, 12:50

ஆழம் 0. 'கலம் வந்தடைந்தது' என்று திரையில் வந்தது. அதோடு மேலிருந்து பூக்கள் உதிர்ந்தன. ரோஜா இதழ்கள், திரை முழுவதும். இப்படி ஒரு வசதி இருப்பது எனக்குத் தெரியாது. கையேட்டிலும் இல்லை. கம்பைல் செய்யாமல் விட்ட மொழிகளில் எதிலாவது அது சொல்லப்பட்டிருக்கலாம்.

உடை மாட்டிக்கொண்டு போகிறேன். சாயாவுக்கு வெந்நீர் வைத்தாயிற்று.

பணி நாள் 213, 13:35

போய்வந்தேன்.

உருளையில் கேபிள் இல்லை. கேபிள் முழுவதும் கீழே இருக்கிறது. உருளையின் மேல் உறைபனி படிந்திருக்கிறது. அந்தப் படிவு எங்கும் உடையவில்லை. விரலால் தொட்டுப் பார்த்தேன்.

கப்பி சுற்றவே இல்லை.

பணி நாள் 213, 13:50

கண்டுபிடித்தேன். கண்டுபிடிக்க நான்கு நிமிடம் ஆயிற்று. இருபத்திமூன்றாம் வரி.

'டெமோ: ஆம்.'

கோயம்புத்தூரில் கப்பி இல்லை. குழி இல்லை. கலம் இல்லை. வருகிறவர்களுக்குச் செயலியைக் காட்ட வேண்டும், அதற்காக ஒரு டெமோ முறை வைத்திருக்கிறார்கள். அதைப் போட்டுக் கம்பைல் செய்தால், கப்பியைத் தொடும் பகுதியைச் சேர்க்காமலே விட்டுவிடும். திரை மட்டும் ஓடும். ஆறு மணி நேர ஏற்றத்தை ஆறு மணி நேரமாகவே காட்டும். அதில் நேர்மையாக இருக்கிறார்கள். முடிவில் பூப் போடும். நூறு தடவை ஓட்டியதாகச் சொன்னது உண்மை. ஒரு தடவைகூட நிற்கவில்லை என்பதும் உண்மை.

பிழைகள் எல்லாம் போய்விட்டன என்று கைதட்டினேன். பிழை வந்த பகுதியே போய்விட்டது. ஏன் போயிற்று என்று பார்க்காமல்

வரியை மாற்றினேன். டெமோ: இல்லை. எழுபது செட்டிங்ஸும் பொய். ஒவ்வொன்றாக உண்மையை நிரப்ப வேண்டும். நிரப்பிக் கம்பைல் செய்ய நான்கு மணி நேரமாவது ஆகும். ஏற்றம் ஆறு மணி நேரம். காற்று மூன்று மணி வரை.

இப்போது மணி இரண்டு ஆகப் போகிறது.

பூமிக்கு அனுப்பினேன். சுருக்கமாக.

பணி நாள் 213, 14:25

உருளையின் விட்டத்தைக் கட்டுமான வரைபடத்திலிருந்து எடுத்தேன். கேபிள் எடை பழைய சரக்குச் சீட்டில் இருந்தது. இருபத்தொன்பது ஆயிற்று. எண்கள் தப்பாக விழுகின்றன, திருத்தித் திருத்தி

தொலைபேசி அடித்தது.

"தங்கச்சி."

"சொல்லுங்கண்ணே."

"முழிச்சிட்டேன். தல கிறுகிறுங்கு. மேல வந்துட்டனா?"

நான் சொன்னதை இங்கே பதிய வேண்டியது விதி. "வந்துட்டிய அண்ணே" என்றேன்.

"அதான் பாத்தேன். ஆட்டமே இல்ல. நல்லா ஏத்திட்ட." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "கதவத் தொறக்கவா?"

"வேண்டாம். தொறக்காதிய. பனி பிடிச்சிருக்கு. நான் வந்து தொறக்கேன்."

"செரி. மெதுவா வா. ஓடி வராத, வழுக்கும். மூல கூரா இருக்குன்னியே பட்டன், அது எப்படி இருக்கு பாக்க?"

"நல்லாத்தான் இருக்கு."

"அவனுவகிட்ட சொல்லு. இதே போதும்னு."

தொலைபேசியை வைக்கவில்லை. காதில் வைத்துக்கொண்டே எண்களைப் போட்டேன். முப்பது. முப்பத்தொன்று. அவர் இடையில் ஊர்க் கடற்கரையில் ஐஸ் விற்கிற ஒருவன் ஏமாற்றியதைச் சொன்னார். பாதியில் நிறுத்திவிட்டார். மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். நான் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தேன்.

பணி நாள் 213, 15:20

அவர் பேசவில்லை.

நாற்பத்தெட்டு.

பணி நாள் 213, 16:05

பூமியிலிருந்து இரண்டு செய்திகள், ஒன்றன்பின் ஒன்றாக. முதலாவது:

"உங்கள் கோரிக்கை தீர்க்கப்பட்டது. எங்கள் சேவையை ஐந்து நட்சத்திரங்களுக்கு மதிப்பிடுங்கள்."

இரண்டாவது:

"மேடம்... அந்த வரி... எங்க மெஷின்ல அது எப்பவுமே அப்படித்தானுங்க இருக்கும். நாங்க கப்பிய கண்ணால கூடப் பாத்ததில்லீங்க. நான் சேந்தப்பவே அப்படித்தான் இருந்துச்சு. மேடம், சார் எப்படி இருக்காருங்க? மேடம்? சாருகிட்ட கொஞ்சம் பேசச் சொல்லுங்க."

பதில் அனுப்பவில்லை. ஐம்பத்தாறு.

பணி நாள் 213, 20:40

எழுபத்து மூன்றும் நிரப்பினேன். ஒவ்வொன்றையும் இரண்டு முறை பார்த்தேன். கம்பைல் ஓடியது. கப்பிப் பகுதி சேர்ந்தது. இந்த முறை எச்சரிக்கைகள் வந்தன. படித்தேன், எல்லாவற்றையும் படித்தேன். பிழை இல்லை.

'ஏற்று' அழுத்தினேன். நிலையம் லேசாக அதிர்ந்தது. முந்நூறு மீட்டர் தாண்டி, பனி வழியாக, காலுக்கு அடியில் தெரிந்தது.

ஆழம் 6,000. 5,999. 6,000. 5,997. இழுவை தாறுமாறாகத் துள்ளுகிறது. சுவரில் உரசுகிறது. நிற்கிறது, இழுக்கிறது, மறுபடி ஏறுகிறது.

செயலி குறையில்லாமல் ஓடுகிறது. இந்தக் கணினியிலும் ஓடுகிறது.

பணி நாள் 214, 02:50

ஆழம் 0. பூ உதிரவில்லை.

தொலைபேசி இன்னும் காதில் இருக்கிறது. அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்கிறது.

உடை மாட்டிக்கொண்டுவிட்டேன். கையுறை போட்டால் எழுத முடியாது, அதனால் இதை முதலில் எழுதுகிறேன். கண்டெடுப்பவருக்கு வேறு எதுவும் சொல்லத் தோன்றவில்லை. அவர் திறக்கவில்லை. நான் வந்து திறப்பேன் என்று சொல்லியிருக்கிறேன்